கிணற்று நீரில் கரைந்த கல்: பியர் காய்ச்சுவோரிடம் கற்கும் பாடம்

வலிகாமத்துச் செம்மண்ணில் பிறந்து வளர்ந்த ஒருவர் வன்னியில் ஒரு புதிய கிணற்றுத் தண்ணீரில் முதன்முதலாகத் தேநீர் போட்டுக் குடித்தால், "இது எங்கட தேத்தண்ணி மாதிரி இல்லை" என்பார். தேயிலை அதே கடைத் தேயிலைதான். சீனியும் அதே சீனிதான். மாறியது தண்ணீர் மட்டுமே. ஒரு கிணற்று நீரில் அரை மணித்தியாலத்தில் அவிந்துவிடும் கடலை, இன்னொரு கிணற்று நீரில் விறகு முழுவதும் எரிந்து முடிந்தும் கல்லுப்போல் கிடக்கும். சில இடங்களில் சவர்க்காரம் நுரைக்காது, தலைமயிர் சிக்கேறும், கேத்திலின் அடியில் வெள்ளைப் படை கட்டும்.

இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களில் இவற்றை முதலில் கவனிப்பவர்கள் பெண்களே. ஆனால் "தண்ணி சரியில்லை" என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாக் குறைகளையும் நாம் அடக்கிவிடுகிறோம். சரியில்லாத தண்ணீரில் பல வகைகள் உண்டு. ஒரு வகையை அடுப்பிலேயே திருத்திக்கொள்ளலாம். இன்னொரு வகை எவ்வளவு கொதித்தாலும் மாறாது. மற்றொரு வகை கொதிக்கக் கொதிக்க இன்னும் கேடாகும். இவற்றைப் பிரித்தறிவது எப்படி என்பதையே இங்கு பார்க்கப் போகிறோம்.

இந்தப் பாடத்தை நாம் பியர் காய்ச்சுவோரிடமிருந்து கற்கப் போகிறோம் என்றால் வாசகர் சிலர் முகஞ்சுளிக்கக் கூடும். குடியால் சீரழிந்த குடும்பங்களை நாமும் அறிவோம். அத்துடன் நமது நாட்டில் 1912ஆம் ஆண்டின் மதுவரிக் கட்டளைச் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் வீட்டில் மதுபானம் தயாரிப்பது குற்றமாகும். எனவே செய்து பார்க்கும்படி இதை எழுதவில்லை. பியரில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் வெறும் தண்ணீர். தண்ணீர் சற்றுப் பிழைத்தாலும் நட்டம் உடனே தெரிந்துவிடும். அதனால் ஒரு கிணற்று நீரில் என்ன கரைந்திருக்கிறது, எதை எடுக்கலாம், எதைச் சேர்க்கலாம் என்பதை அத்தொழிலாளரைப் போல நுணுக்கமாக ஆராய்ந்தவர்கள் குறைவு. இங்கிலாந்தில் 1963இலும் ஐக்கிய அமெரிக்காவில் 1979இலும் வீட்டுத் தேவைக்குப் பியர் காய்ச்சுவதற்கு இருந்த தடைகள் நீங்கின. அதன்பின் அங்கு சாதாரண மக்களும் தங்கள் குசினிகளில் இந்த ஆராய்ச்சியைத் தொடர்ந்தார்கள். அவர்கள் கையாளும் முறைகள் சிறு பாத்திரத்துக்கும் வீட்டு அடுப்புக்கும் ஏற்றவை. நமக்கு உதவக்கூடியவையும் அவையே.

மூன்று ஊர்களின் தண்ணீர்

முதலில் பியர் எப்படி உண்டாகிறது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். வாற்கோதுமையை (பார்லி) நனைத்து முளைக்க விட்டு, பின் உலர்த்துவார்கள். இதுவே மோல்ற். நாம் பயறு முளைக்கவைக்கும்போது அதில் ஒரு இனிப்பு ஏறுகிறதல்லவா, அதே சங்கதிதான். இந்த மோல்ற்றை நொறுக்கி ஏறக்குறைய 65 பாகை செல்சியஸ் சூட்டு நீரில் ஒரு மணித்தியாலம் ஊறவைப்பார்கள். தானியத்துக்குள் இருக்கும் நொதியங்கள் மாப்பொருளைச் சீனியாக மாற்றும். அந்த இனிப்பு நீரை வடித்து, ஹொப்ஸ் என்னும் கசப்புப் பூவைச் சேர்த்துக் கொதிக்கவைத்து, ஆறியபின் மதுவத்தைச் சேர்த்து நொதிக்க விடுவார்கள். இவற்றுள் தண்ணீரின் குணம் மிகவும் முக்கியமாவது அந்த ஊறவைக்கும் ஒரு மணித்தியாலத்திலேயே.

இங்கிலாந்தின் நடுப்பகுதியில் திரென்ற் ஆற்றங்கரையில் பேர்ட்டன் என்றொரு ஊர் உண்டு. அங்குள்ள கிணறுகளுக்கு நீர் ஜிப்சப் படைகளினூடாக ஊறி வருகிறது. ஜிப்சம் என்பது கல்சியம் சல்பேற்று. அந்த நீரின் ஒரு லீற்றரில் சல்பேற்று 600 மில்லிகிராமுக்கு மேலும், கல்சியம் 280 மில்லிகிராம் அளவிலும் இருக்கும். 19ஆம் நூற்றாண்டில் அவ்வூரின் வெளிறிய, கசப்பான பியர் இந்தியா வரை கப்பலேறியது. அதே மோல்ற்றையும் அதே ஹொப்ஸையும் வைத்து இலண்டனில் காய்ச்சியவர்களுக்கு அந்தச் சுவை வரவில்லை. சில இலண்டன் முதலாளிகள் பேர்ட்டனுக்கே போய்க் கிளைச்சாலை திறந்தார்கள். இரகசியம் தண்ணீரிலுள்ள ஜிப்சம் என்பதை இரசாயனவியலாளர் கண்டறிந்த பின்னர் ஊர்மாறிப் போகவேண்டிய தேவை குறைந்தது. சாக்கில் ஜிப்சம் வாங்கித் தங்கள் தண்ணீரிலேயே கலந்தார்கள். இப்படிச் செய்வதற்கு இன்றும் 'பேர்ட்டனாக்கல்' என்றே பெயர்.

செக் நாட்டில் பில்சன் என்னும் ஊரின் நீர் இதற்கு நேர்மாறானது. ஒரு லீற்றரில் கல்சியம் 10 மில்லிகிராம்கூட இல்லை. கிட்டத்தட்ட மழைநீர் எனலாம். 1842இல் பவேரியாவிலிருந்து அங்கு வந்த ஜோசப் குரோல் என்பவர் அந்த மென்னீரில் பொன்னிறப் பியரைக் காய்ச்சினார். இன்று உலகெங்கும் விற்கப்படும் வெளிறிய பியர்களில் பெரும்பாலானவை அதன் வழிவந்தவை.

மூன்றாவது ஊர் ஜேர்மனியின் மியூனிக். சுண்ணக்கல் நிறைந்த மண்ணினூடாக வரும் அதன் நீரில் இருகாபனேற்று ஒரு லீற்றருக்கு 300 மில்லிகிராம் அளவில் உண்டு. சல்பேற்று மிகக் குறைவு. அந்த நீரில் வெளிறிய பியர் நன்றாக வராது. வறுத்து நிறமேற்றிய மோல்ற்றில் செய்த கருநிறப் பியரே வாய்த்தது. வறுத்த தானியத்துக்குச் சிறிது புளிப்புத்தன்மை உண்டு. அது நீரின் காரத்தன்மையை ஈடுசெய்தது. ஏன் என்று தெரியாமலேயே, தங்கள் தண்ணீருக்கு இசைந்த பியரை அம்மக்கள் பலகாலம் செய்துவந்தார்கள்.

மியூனிக் நீர்தான் நமது வலிகாமத்து நீருக்குக் கிட்டிய உறவு. யாழ்ப்பாணக் குடாநாட்டின் அடியிலிருப்பதும் சுண்ணக்கல்லே. காங்கேசன்துறையில் சீமெந்துக்கு வெட்டிய அதே கல். மழைநீர் மண்ணினூடாக இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் வெளிவிடும் காபனீரொட்சைட்டு வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அந்த அமிலம் சுண்ணக்கல்லைக் கரைக்கிறது. கரைந்தது கல்சியம் இருகாபனேற்றாகக் கிணற்றுக்கு வந்து சேர்கிறது. நாம் அள்ளும் ஒவ்வொரு வாளியிலும் சிறிது கல் இருக்கிறது என்றால் அது மிகையல்ல. நுவரெலியாவின் மலைநீர் இதற்கு மாறானது. அது எளிதிற் கரையாத கடும்பாறை மேல் ஓடி வருவதால் மென்மையானது. 1881இல் பியர்ச் சாலையொன்று அங்கு அமைந்ததற்குக் குளிர் மட்டுமன்றி அந்த நீரும் உதவியிருக்கும் என்பது நமது எண்ணம்.

இழுபறி

சீனியாகும் அந்த ஒரு மணித்தியாலத்துக்குத் திரும்புவோம். நொதியங்கள் நன்றாக வேலை செய்வதற்குக் கலவை சற்றுப் புளிப்பாக இருக்கவேண்டும். இதை அளக்கும் அலகுதான் பி.எச். பெறுமானம். 7 என்றால் நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஒவ்வொரு படியும் பத்து மடங்கு என்பதை நினைவிற் கொள்ளவேண்டும். தேசிக்காய்ச் சாறு 2க்குச் சற்று மேல். தெளிந்த சுண்ணாம்பு நீர் 12க்கு மேல். இந்த அளவுமுறையை 1909இல் உருவாக்கியவர் சோரன்சன் என்பவர். அவர் வேலை செய்த இடம் டென்மார்க்கின் கோப்பன்ஹேகன் நகரில் கார்ல்ஸ்பேர்க் பியர்ச் சாலையினர் 1875இல் நிறுவிய ஆய்வுகூடம். இன்று வயல் மண்ணைச் சோதிக்கும் விவசாய உத்தியோகத்தர் சொல்லும் பி.எச். அங்கிருந்து வந்ததே.

பியர்க் கலவைக்கு வேண்டியது 5.2 தொடக்கம் 5.6 வரை. அதற்கு மேல் ஏறினால் சீனி குறையும். தானிய உமியிலிருந்து துவர்ப்புச் சாயமும் இறங்கும். தேயிலையை நெடுநேரம் கொதிக்கவிட்டால் நாக்கில் ஒட்டும் துவர்ப்பு வருமே, அது போன்றதே இதுவும்.

தண்ணீரில் இரு தரப்புகள் எதிரெதிராக இழுக்கின்றன. இருகாபனேற்று பி.எச்.ஐ மேலே இழுக்கும். கல்சியமோ தானியத்திலுள்ள பொஸ்பேற்றுடன் சேர்ந்து படிந்து, அமிலத்தை விடுவித்துக் கீழே இழுக்கும். எத்தரப்பு வெல்லும் என்பதை 1953இல் கொல்பாக் என்ற ஜேர்மன் ஆய்வாளர் ஒரு கணக்காகத் தந்தார்: காரத்தன்மையின் ஒரு பங்கை அடக்குவதற்குக் கல்சியத்தின் மூன்றரைப் பங்கு வேண்டும். (மக்னீசியமானால் ஏழு பங்கு.) அடக்கியது போக மிஞ்சுவதை 'எஞ்சிய காரத்தன்மை' என்பர்.

பள்ளிக்கூடத்தில் கணக்குக்குப் பயந்தவர்களும் இதை ஒருமுறை செய்து பார்க்கலாம். இரண்டையும் ஒரே அலகுக்குக் கொண்டுவர, கல்சியத்தை 2.5ஆலும் இருகாபனேற்றை 0.82ஆலும் பெருக்கவேண்டும். பேர்ட்டன் நீரில் கல்சியம் 280, பெருக்கினால் 700, மூன்றரையால் வகுத்தால் 200. இருகாபனேற்று 300, பெருக்கினால் 246. 246இல் 200 போக எஞ்சுவது 46. மியூனிக்கிலும் இருகாபனேற்று அதே 300தான். ஆனால் கல்சியம் 75 அளவிலேயே இருப்பதால் அது அடக்குவது 54 மட்டும், எஞ்சுவது 192. இரு ஊர்களிலும் கேத்திலில் வெள்ளை படியும். வெறும் கண்ணுக்கு இரண்டும் ஒரே 'கல்லுத் தண்ணி'தான். உள்ளே இருப்பதோ வெவ்வேறு. பேர்ட்டனில் வெளிறிய பியர் வந்ததும் மியூனிக்கில் வராததும் இதனாலேயே.

நமது பனந்தோப்பிலும் இந்த அமில காரக் கணக்கு உண்டு. கருப்பணி இறக்கும்போது முட்டியின் உள்ளே சுண்ணாம்பு பூசுகிறோம். பூசாவிட்டால் சில மணித்தியாலத்தில் அது நொதித்துக் கள்ளாகிவிடும். சுண்ணாம்பு பி.எச்.ஐ மிகவும் உயர்த்துவதால் மதுவமும் ஏனைய நுண்ணுயிர்களும் பெருக முடிவதில்லை. சீனி சீனியாகவே நிற்கிறது. பனங்கட்டி காய்ச்ச முடிவது அதனால்தான். பியர் காய்ச்சுவோர் காரத்தைக் குறைக்கப் பாடுபடுகிறார்கள். சீவல் தொழிலாளர் அதே காரத்தை வேண்டுமென்றே ஏற்றுகிறார்கள். இருவரும் அறிந்திருப்பது ஒரே உண்மையை.

வீட்டுக் காய்ச்சலாளர் செய்வது

இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ வீட்டில் காய்ச்சுபவர் முதலில் தமது தண்ணீரின் சோதனை அறிக்கையைப் பெறுகிறார். கல்சியம், மக்னீசியம், சோடியம், சல்பேற்று, குளோரைட்டு, இருகாபனேற்று ஆகிய ஆறு எண்கள் அவருக்குப் போதும். எண் தெரியாமல் எதையும் கலப்பது கண்ணைக் கட்டிக்கொண்டு உரம் எறிவதற்குச் சமம் என்பது அவர்களின் முதற் பாடம்.

குழாய் நீரில் குளோரின் இருந்தால் அதை முதலில் போக்குவார்கள். குளோரின் தானியச் சாற்றுடன் சேர்ந்தால் ஆஸ்பத்திரி மருந்து வாடை வரும். அகன்ற பாத்திரத்தில் ஓரிரவு திறந்து வைத்தாலோ சிறிது நேரம் கொதிக்கவைத்தாலோ அது போய்விடும். நமது குடியிருப்புகளில் கிணற்றுக்குக் குளோரின் போட்ட நாட்களில் தேநீர் வாடையடிப்பதும் இதனால்தான். அதற்காகக் குளோரின் போட வருபவரைத் திருப்பி அனுப்பவேண்டாம். வாந்திபேதியைத் தடுப்பது அதுவே. தேநீருக்கு எப்படியும் கொதிக்கவைக்கிறோம். மூடியைத் திறந்து கொதிக்கவிட்டால் போதும்.

அடுத்தது இருகாபனேற்றைக் குறைப்பது. இதற்கு அவர்களிடம் நான்கு வழிகள் உண்டு. கொதிக்கவைத்தால் கரைந்திருந்த காபனீரொட்சைட்டு வெளியேறி, கல் மீண்டும் கல்லாகவே அடியிற் படியும். கேத்தில் படை என்பது வேறொன்றுமல்ல. ஆறவைத்துத் தெளிந்த நீரை மட்டும் ஊற்றி எடுப்பார்கள். சிறிதளவு எஞ்சும், பெரும்பங்கு நீங்கிவிடும். இரண்டாவது வழி சுண்ணாம்பு. சுண்ணாம்பைச் சேர்த்துச் சுண்ணாம்பைப் போக்குவது முரணாகத் தோன்றும். ஸ்கொத்லாந்தின் அபர்தீன் நகரப் பேராசிரியர் தோமஸ் கிளார்க் 1841இலேயே இதற்கு உரிமம் பெற்றார். நீறிய சுண்ணாம்பு இருகாபனேற்றைப் படியக்கூடிய காபனேற்றாக மாற்றிவிடும். சேர்த்ததும் இருந்ததும் ஒன்றாகவே கீழே இறங்கும். காரத்தன்மை 250 உள்ள 10 லீற்றருக்கு வேண்டியது இரண்டு கிராமுக்கும் குறைவே. கூடிப்போனால் தண்ணீர் வாயைப் பொத்தும் காரமாகிவிடும். எனவே தராசும் பி.எச். தாளும் இல்லாத வீட்டில் குடிநீருக்கு இதைச் செய்யவேண்டாம் என்பதே நமது ஆலோசனை.

மூன்றாவது வழி அமிலம் சேர்ப்பது. பால் புளிக்கும்போது உண்டாகும் லக்ரிக் அமிலத்தைத் துளித்துளியாகச் சேர்ப்பார்கள். பவேரியாவில் 1516ஆம் ஆண்டுச் சட்டம் தானியம், ஹொப்ஸ், நீர் தவிர வேறெதையும் சேர்க்க விடவில்லை. அதன் வழிவந்தவர்கள் மோல்ற்றையே புளிக்கவைத்துச் சேர்த்துச் சட்டத்தைக் காப்பாற்றினார்கள்! நாம் பிளேன்ரீயில் தேசிக்காய் பிழிகையில் நிறம் சட்டென்று வெளிறி, மேலே மிதந்த எண்ணெய் போன்ற ஆடை மறைகிறதே, அங்கே நடப்பதும் அதுவே. அந்த ஆடை எண்ணெயல்ல. கல்சியமும் இருகாபனேற்றும் தேயிலைச் சாற்றுடன் சேர்ந்து உண்டாக்குவது. அமிலம் அதைக் கரைத்துவிடும்.

நான்காவது வழி மென்னீரைக் கலப்பது. பாதி மழைநீர், பாதி கிணற்று நீர் என்றால் கரைந்த எல்லாமே பாதியாகும். இதைவிட எளிய கணக்கு இல்லை. இதைவிட நம்பத்தக்க முறையும் இல்லை.

குறைத்த பின்னரே சேர்ப்பார்கள். 10 லீற்றர் நீரில் 1 கிராம் ஜிப்சம் கரைத்தால் ஒரு லீற்றருக்குக் கல்சியம் 23 மில்லிகிராமும் சல்பேற்று 56 மில்லிகிராமும் கூடும். சல்பேற்று கசப்பைக் கூர்மையாக்கும். குளோரைட்டு வாய்க்கு நிறைவைத் தரும். அவர்களுக்குக் கல்சியம் 50 தொடக்கம் 150 வரை இருந்தால் போதும். சேர்ப்பதில் சூரராக நினைத்து மிகுதியாகக் கொட்டியவர்களின் பியர் மருந்துபோல் ஆகிவிடும்.

இங்கே நாம் குறித்துவைக்கவேண்டியது ஒன்று. சேர்ப்பது எளிது, கொதிக்கவைத்து எடுக்கக்கூடியது இருகாபனேற்றோடு படியும் கல் மட்டுமே. சல்பேற்று, குளோரைட்டு, சோடியம் என்பன கொதித்தாலும் போகா. உப்பு நீரை எந்தக் காய்ச்சலாளரும் திருத்த முயல்வதில்லை. மென்னீர் கலந்து ஐதாக்குவார், அல்லது அந்தக் கிணற்றை விட்டுவிடுவார்.

நமது கிணற்றில்

கொதித்தால் நீங்குவதைத் தற்காலிக வன்மை என்றும், நீங்காததை நிலையான வன்மை என்றும் சொல்வோம். எது எவ்வளவு என்று அறிவதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை. கிளார்க் கையாண்ட சவர்க்காரச் சோதனையை எட்டாம் வகுப்புப் பிள்ளையும் செய்யலாம். உடுப்புத் தோய்க்கும் கட்டிச் சவர்க்காரத்தைச் சீவி, ஒரு தேக்கரண்டியளவை ஒரு கோப்பை மழைநீரில் கரைத்து வைக்கவும். (சலவைத் தூள் உதவாது. அது வன்னீரிலும் நுரைக்கும்படி செய்யப்பட்டது.) ஒரே அளவான மூன்று வெறும் போத்தல்களில் ஒரே அளவாக முதலாவதில் மழைநீர், இரண்டாவதில் கிணற்று நீர், மூன்றாவதில் கால் மணித்தியாலம் கொதிக்கவைத்து ஆறித் தெளிந்த கிணற்று நீர் என ஊற்றவும். கொதித்ததில் வற்றிய அளவுக்கு மழைநீர் விட்டு முன்னைய அளவுக்குக் கொண்டுவருவது நல்லது. ஒவ்வொன்றிலும் சவர்க்காரக் கரைசலைத் துளித்துளியாக விட்டு, மூடிக் குலுக்கி, நுரை சில நிமிடம் உடையாமல் நிற்கும்வரை எண்ணவும்.

மழைநீருக்கு 5 துளி, கிணற்று நீருக்கு 40, கொதித்த நீருக்கு 15 என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். மழைநீரின் 5ஐக் கழித்தால் வன்மை 35. அதில் 25 கொதித்ததும் போயிற்று, அது தற்காலிகமானது. 10 நிலையானது. இந்தக் குடும்பம் தேநீருக்கும் பருப்புக்கும் முதல்நாள் இரவே கொதிக்கவைத்துத் தெளிய விட்ட நீரை எடுத்தால் பலன் தெரியும். மாறாக, கொதித்த பின்னும் 35 துளி வேண்டியிருந்தால் விறகை வீணாக்கவேண்டாம். மழைநீரே வழி.

கடலை, பயறு அவியாமைக்கும் காரணம் கல்சியமே. அது தானியத்தின் கலச்சுவர்களை ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. அப்பச்சோடா ஒரு சிட்டிகை போட்டால் மசியும், ஆனால் உயிர்ச்சத்து பி-யில் ஒரு பகுதி கெடும். குழந்தைகளுக்குக் கொடுக்கும் பருப்பை மழைநீரில் அவிப்பதே மேல்.

மழைநீரைப் பற்றி ஒரு கணக்கு. ஒரு சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை பெய்தால் அது ஒரு லீற்றர். 6 மீற்றர் நீளமும் 4 மீற்றர் அகலமும் கொண்ட தகரக் கூரையில் 25 மில்லிமீற்றர் மழைக்கு 600 லீற்றர் விழும். சிந்தியது போக 500ஆவது சேரும். சமையலுக்கும் குடிக்கவும் மட்டும் பாவித்தால் ஒரு குடும்பத்துக்குப் பல நாட்களுக்குப் போதும். முதற் பத்து நிமிட மழை கூரையைக் கழுவட்டும், பின்னர் பிடிக்கவும். பீப்பாவை மூடி வைக்காவிட்டால் நுளம்பு பெருகும். குடிப்பதற்குக் கொதிக்கவைத்தே குடிக்கவேண்டும்.

இரும்புக் காவி உள்ள நீர் அவ்வளவு கவலைக்குரியதல்ல. வாளியிலிருந்து வாளிக்குப் பலமுறை உயர ஊற்றிக் காற்றுப்பட விட்டு, மணலில் வடித்தால் பெரும்பகுதி நின்றுவிடும். கேத்தில் படையும் அப்படித்தான். கல்சியம் உடலுக்குத் தீங்கன்று. வன்மையான நீரைக் குடிப்பதால் மட்டும் எவரும் அஞ்சவேண்டியதில்லை.

நாக்குக்குத் தெரியாதவை

அஞ்சவேண்டியவை வேறு. அவை சுவையில் தெரிவதில்லை. சவர்க்காரச் சோதனையிலும் அகப்படுவதில்லை.

ஒன்று நைத்திரேற்று. வெங்காயம், மிளகாய், புகையிலைத் தோட்டங்களுக்கு இடும் யூரியாவும், மாட்டுக் கொட்டில், மலக்குழி என்பவற்றின் கசிவும் மழையோடு கீழிறங்கிக் கிணற்றில் நைத்திரேற்றாகச் சேர்கின்றன. சுண்ணக்கல்லில் வெடிப்புகளும் குகைகளும் இருப்பதால் யாழ்ப்பாணத்தில் அது விரைவாக இறங்குகிறது. குடாநாட்டின் தோட்டக் கிணறுகள் பலவற்றில் உலக சுகாதார நிறுவனம் விதித்த எல்லையான லீற்றருக்கு 50 மில்லிகிராமைவிடக் கூடுதலாக இது காணப்பட்டுள்ளது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு அந்த நீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் ஆற்றலை இழந்து, உதடும் நகமும் நீலம் பாரிக்கும். தாய் அக்கறையோடு அதிக நேரம் கொதிக்கவைத்தால் நீர் ஆவியாகி நைத்திரேற்று இன்னும் செறிவாகும். கட்டுரையின் தொடக்கத்தில் 'கொதிக்கக் கொதிக்கக் கேடாகும்' என்றது இதையே. தாய்ப்பால் கொடுக்கும்வரை குழந்தைக்கு இந்த ஆபத்து வராது. பால்மா கொடுத்தே ஆகவேண்டுமென்றால் தோட்டக் கிணற்று நீரில் அல்லாமல், சோதித்த நீரிலோ சுத்தமாகப் பிடித்துக் கொதிக்கவைத்த மழைநீரிலோ கரைக்கவும்.

மற்றது புளோரைட்டு. இது வவுனியா, அனுராதபுரம் போன்ற கடும்பாறைப் பிரதேசங்களின் நிலத்தடி நீரில் கூடுதலாக உண்டு. நிலையான பற்கள் உருவாகும் வயதில் பிள்ளைகள் அந்த நீரைக் குடித்தால் பற்களில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் நிலைத்துவிடும். மிகுதியானால் எலும்பையும் பாதிக்கும். குடாநாட்டிலிருந்து வன்னிக்குச் சென்றவர்கள் "இந்தத் தண்ணியில் கேத்தில் படை குறைவு, நல்ல தண்ணி" என்று மகிழ்வதைக் கேட்டிருக்கிறோம். படை குறைவு என்பது உண்மை. நல்ல தண்ணீரா என்பது அதிலிருந்து தெரியாது.

நுண்ணிய சவ்வினூடாக நீரை நெருக்கி வடிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் இவ்விரண்டையும் உப்பையும் பெருமளவு நீக்கும். உலர்வலயக் கிராமங்கள் பலவற்றில் இப்போது பொதுவான ஆர்.ஓ. நிலையங்கள் உள்ளன. வெளிநாட்டு வீட்டுக் காய்ச்சலாளர் பலரும் இன்று இந்நீரிலேயே தொடங்கி, வேண்டிய உப்புகளைத் தாமே நிறுத்துச் சேர்க்கிறார்கள். அருகில் அப்படி நிலையம் இருந்தால் பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் அந்த நீரை ஒதுக்கி வைத்து, குளிப்பு, உடுப்பு, தோட்டம் என்பவற்றுக்குக் கிணற்றைப் பாவிக்கலாம்.

உவர்ப்பு ஏறுவது வேறு கதை. குடாநாட்டில் நல்ல நீர் கடல்நீரின் மேல் ஒரு வில்லைபோல் மிதக்கிறது. புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது பலரும் அறிந்ததே. பெரிய மோட்டரால் நெடுநேரம் இறைத்தால் கீழிருக்கும் உவர் மேலேறும். ஏறியபின் அதை இறக்க வீட்டில் வழியில்லை. இடைவிட்டு இறைப்பதும், கிணற்றை மேலும் ஆழமாக்காமல் விடுவதும்தான் செய்யக்கூடியவை.

புதிதாகக் குடியேறிய இடத்தில் கிணற்றைச் சோதிப்பிக்க விரும்புவோர் தங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ, தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் பிரதேச அலுவலகத்திலோ விசாரிக்கலாம். கட்டணம் உண்டு. எனவே நான்கைந்து குடும்பங்கள் பாவிக்கும் பொதுக் கிணற்றைத் தெரிந்தெடுத்துச் செலவைப் பகிர்வது நல்லது. வன்மை, காரத்தன்மை, குளோரைட்டு, நைத்திரேற்று, புளோரைட்டு, பி.எச். ஆகிய ஆறையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். வெறுமனே "தண்ணியைப் பாருங்கோ" என்றால் கிருமிச் சோதனை மட்டும் செய்து அனுப்பவும் கூடும். கிருமிச் சோதனையும் வேண்டும். அதற்கு வேறு போத்தலை அவர்களே கிருமி நீக்கித் தருவார்கள். மற்றவற்றுக்கு ஒரு லீற்றர் பிளாஸ்ரிக் போத்தல் போதும். அதே கிணற்று நீரால் மூன்று முறை அலசி, காற்று நிற்காமல் கழுத்துவரை நிரப்பி, இறுக மூடி, நிழலில் வைத்து அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுங்கள். போத்தலின் மேல் கிணறு இருக்கும் இடம், ஆழம், எடுத்த திகதி, கடைசியாக மழை பெய்த நாள், பக்கத்தில் தோட்டமோ மலக்குழியோ இருந்தால் எத்தனை அடி தூரம் என்பவற்றை எழுதி ஒட்டவும். ஆவணியில் ஒரு முறையும் மார்கழி மழைக்குப் பின் ஒரு முறையும் எடுத்தால் கோடையில் உவர் எவ்வளவு ஏறுகிறது, மழையில் உரம் எவ்வளவு இறங்குகிறது என்பவை இரண்டும் தெரியவரும்.